ஒன்பது டிவிடிகளும் ஒரு பரம்பரைக் கேள்வியும்

மொரீசியசின் ரோஸ்ஹில்லில் பழைய புத்தகங்களையும் பழைய டிவிடிகளையும் அடுக்கி வைத்து விற்கும் ஒரு சிறிய கடையில், சென்ற பள்ளி விடுமுறையின்போது, ஸ்டார் வார்ஸ் வரிசையின் ஒன்பது படங்களும் அடங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். அது ஒரே வெளியீடாக வந்த தொகுப்பு அன்று. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்து சேர்ந்த டிவிடிகளைக் கடைக்காரரே ஒன்றுகூட்டி, காலணிப் பெட்டி அளவுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, உறைகளின் முதுகில் ஒன்று முதல் ஒன்பது வரை கையால் எண்ணிட்டு வைத்திருந்தார். பாதி உறைகளில் யூரோ விலைச்சீட்டு ஒட்டியிருந்ததால், அவை அடுத்த தீவான ரீயூனியனிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன். விண்கலங்களையும் வாட்சண்டைகளையும் பற்றி எழுதுவதற்கு என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் இந்தப் பெட்டியை ஒரேயொரு கேள்விக்காக வாங்கினேன். அந்தக் கேள்விக்கு இது எவ்வளவு தூரம் ஈடுகொடுத்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வியைக் கொண்டுவந்தவள் பன்னிரண்டு வயதான என் பேத்தி. ஜெடாய் எனப்படும் அந்தப் போர்த்துறவிகளின் ஆற்றல் இரத்தத்தின் வழியாகப் பிறப்பிலேயே வருவதா, அல்லது குருவிடம் கற்றால் யாருக்கும் கைகூடுவதா என்று பள்ளியில் தோழியோடு வாதாடிவிட்டு வந்து, "தாத்தா, யார் சொல்வது சரி, நீங்களே சொல்லுங்கள்" என்று என்னைத் தீர்ப்புச் சொல்ல அழைத்தாள். முதல் படத்தை இளமையில் திரையரங்கில் பிரெஞ்சில் பார்த்ததோடு சரி. மற்றவற்றைத் தொலைக்காட்சியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பார்த்திருக்கிறேனே தவிர, முழுமையாகப் பார்த்ததில்லை. ஆகவே தீர்ப்பை ஒத்திவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

அந்தக் கேள்வியில் எனக்கும் சொந்த அக்கறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஊர் அம்மன் கோயில் தீமிதியில் குழிக்குள் முதல் அடி வைக்கும் முறை மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில் இருந்தது. பெரியப்பா மறைந்தபின் அவருடைய மகன், தனக்கு அந்த அழைப்பு வரவில்லை என்று நேர்மையாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அந்த ஆண்டு முதல் அடி வைத்தவன் எங்களுக்கு எந்த வகையிலும் உறவில்லாத ஒரு பேருந்து ஓட்டுநரின் மகன். வம்சத்தைவிட்டு அருள் போய்விட்டதே என்று சித்தப்பாக்கள் புலம்பியதும், போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று என் தாயார் ஒரே சொல்லில் அவர்கள் வாயை அடைத்ததும் இன்றும் நினைவில் இருக்கின்றன. பேத்தியின் கேள்வியைக் கேட்டபோது அந்தக் கோயில் வாசல்தான் முதலில் கண்முன் வந்தது.

பொருளின் நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏழு டிவிடிகள் கீறலின்றிச் சுத்தமாக ஓடின. மூன்றாவது ஓரிடத்தில் சற்றுத் திக்கியது; துணியால் துடைத்தபின் சரியாயிற்று. எட்டு என்று எண்ணிட்ட உறையைத் திறந்தபோது உள்ளே ஒரு சமையல் நிகழ்ச்சியின் டிவிடி இருந்தது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் மறுபேச்சில்லாமல் சிரித்துவிட்டு, நான்கு நாளில் உரிய டிவிடியைத் தேடிக் கொடுத்தார். சமையல் டிவிடியையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதை என் மனைவி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் இதே கடையிலோ இதுபோன்ற கடையிலோ வாங்குகிறவர்கள் ஒவ்வோர் உறையையும் திறந்து பார்த்து வாங்குவது நல்லது; குறிப்பாக எட்டாவதை. பரம்பரைக் கேள்விக்கு அது இல்லாமல் பெட்டி முழுமையடையாது.

மொழியைப் பொறுத்தவரை, எல்லா டிவிடிகளிலும் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கின்றன. தமிழ் எழுத்துரை எதிலும் இல்லை. மொரீசியசில் இது பெரிய குறையாக யாருக்கும் தோன்றாது. படங்களின் கருங்கவச வில்லனான டார்த் வேடரை டார்க் வாடோர் என்றே அறிந்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. பழைய பிரெஞ்சு ஒலிப்பதிவில் ஹான் சோலோவின் பெயர்கூட யான் சோலோதான். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு: பிள்ளைகள் எந்தப் படத்தை எந்த மொழியில் பார்த்தாலும், மறுநாள் கதையைப் பாட்டிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வழக்கத்தால்தான் முதல் நாளே சிக்கல் தொடங்கியது. 'லா ஃபோர்ஸ்' என்று பிரெஞ்சில் வரும் அந்த ஆற்றலைத் தமிழில் என்னவென்று சொல்வது?

சக்தி என்றாள் பேத்தி. உடனே தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதை உணர்ந்தேன், ஏனென்றால் சக்தி என்றால் அது ஏற்கெனவே உள்ளே இருப்பது. அருள் என்று சொன்னால் அது மேலிருந்து இறங்குவது. எவர்மீது இறங்கும் என்று யாராலும் கணிக்க முடியாது. வரம் என்றால் கொடுக்கப்படுவது, கொடுத்தவரால் திரும்பப் பெறக்கூடியது. சித்தி என்றால் பயின்று பெறுவது. சித்தர்களுக்குச் சொல்லப்படும் எட்டுச் சித்திகளில் உடலை இலேசாக்கும் இலகிமாவும் பிறரை வசப்படுத்தும் வசித்துவமும் இந்தப் படங்களில் அப்படியே வருகின்றன, ஆனால் எந்தச் சித்தரும் தம் தந்தை சித்தராக இருந்ததால் சித்தரானதாக நாம் கேட்டதில்லை. நான்கு சொற்களும் நான்கு விடைகள். இந்த ஒன்பது படங்களும் அந்த நான்கு சொற்களுக்கிடையே மாறி மாறித் தாவுகின்றன என்பதைப் பெட்டியைப் பார்த்து முடித்தபோதுதான் கண்டுகொண்டேன்.

கடைக்காரர் இட்ட எண் வரிசையில் பார்க்க வேண்டாம் என்பது என் முதல் பரிந்துரை. அவர் கதையின் அத்தியாய எண்ணைப் பின்பற்றியிருக்கிறார். அந்த வரிசையில் பார்த்தால் 1999ஆம் ஆண்டுப் படம் முதலில் வந்து, கேள்வி எழுவதற்கு முன்பே விடையைக் கொட்டிவிடுகிறது. வெளிவந்த ஆண்டு வரிசையில், அதாவது 1977, 1980, 1983, 1999, 2002, 2005, 2015, 2017, 2019 என்று பார்த்தால், படைத்தவர்கள் எந்த இடத்தில் மனம் மாறினார்கள் என்பது வரப்பில் நின்று வயலைப் பார்ப்பதுபோலத் தெளிவாகத் தெரிகிறது.

1977ஆம் ஆண்டுப் படத்தில் இரத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முதியவரான ஓபி-வான், அந்த ஆற்றல் எல்லா உயிர்களாலும் உண்டாகி, எல்லாவற்றையும் சூழ்ந்து, பிணைத்து வைத்திருப்பது என்று இளைஞன் லூக்குக்கு விளக்குகிறார். லூக்கின் தந்தை ஜெடாயாக இருந்தவர் என்பது கதையில் வருகிறது. ஆனால் அது ஒரு மகனை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்குப் போதுமான காரணமாக வருகிறதே தவிர, தகுதிச் சான்றாக வரவில்லை. கண்ணை மறைக்கும் தலைக்கவசத்தை அணிந்துகொண்டு, பறக்கும் ஒரு சிறு உருண்டை சுடும் கதிர்களை வாளால் தடுக்கப் பழகும் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். முதலில் தோற்கிறான், சூடு படுகிறான், பிறகு மெல்லக் கைகூடுகிறது. சிலம்பம் பழகிய எவருக்கும் தெரிந்த காட்சி அது. 1980ஆம் ஆண்டுப் படத்தில் முதிய ஜெடாய் குருவான யோடா கொடுக்கும் பயிற்சியும் அதே போக்கிலேயே செல்கிறது: சேற்றில் மூழ்கிய விண்கலத்தை லூக்கால் தூக்க முடியாமல் போவதற்குக் காரணம் நம்பிக்கைக் குறைவே, பிறப்புக் குறைவு அன்று. வேடரே லூக்கின் தந்தை என்ற புகழ்பெற்ற செய்தி அதே படத்தில்தான் வருகிறது என்றாலும், அந்த இடத்தில் அது லூக்கின் நெஞ்சைப் பிளக்கும் இடியாகத்தான் விழுகிறதேயொழிய ஆற்றலுக்கு விளக்கமாக விழவில்லை.

திருப்பம் 1983இல். தன் தந்தைக்கு அந்த ஆற்றல் உண்டு, தனக்கு உண்டு, தன் தங்கைக்கும் உண்டு என்று லூக் அந்தத் தங்கையான லேயாவிடமே சொல்லும் சிறிய காட்சி அது. அந்த ஒரு நிமிடத்தில் பொதுச்சொத்தாக இருந்தது குடும்பச்சொத்தாக மாறிவிடுகிறது. "பார்த்தீர்களா!" என்று பேத்தி துள்ளினாள். அவளுடைய தோழியின் கட்சி இரத்தம்தான் என்பதா, இவளுடைய கட்சி அதுவா என்பதையே நான் அதுவரை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இவள்தான் இரத்தக் கட்சி.

1999ஆம் ஆண்டுப் படத்தில் அவள் கட்சிக்கு ஆய்வுக்கூடச் சான்றே கிடைத்துவிடுகிறது. அடிமையாக வாழும், பின்னாளில் வேடராகப்போகும் சிறுவன் அனகினின் இரத்தத்துளி ஒன்றை ஓபி-வானின் குரு க்வை-கான் ஜின் எடுத்து அனுப்ப, அதில் மிடிகுளோரியன் என்னும் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை 20,000க்கும் மேல் என்றும், யோடாவுக்குக்கூட அத்தனை இல்லை என்றும் ஓபி-வான் வியக்கிறார். எல்லா உயிரணுக்களுக்குள்ளும் வாழும் இந்த நுண்ணுயிர்கள் வழியாகவே ஆற்றலின் விருப்பம் தெரியவருகிறதாம். சர்க்கரை நோய்க்கு விரல் நுனியில் ஊசி குத்தி அளவு பார்க்கும் வயதில் இருக்கும் எனக்கு இந்தக் காட்சி சிரிப்பை வரவழைத்தது. ஞானத்துக்கும் ஒரு அளவுமானி வந்துவிட்டதே! இதற்கு முன் படங்களை நேசித்த பலருக்கு இந்தக் காட்சி பிடிக்காமல் போனதில் வியப்பில்லை.

இந்த இடத்தில்தான் என் மகள் உரையாடலுக்குள் வந்தாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பிக்கிறவள்; அதுவரை கத்தோ பிமான் என்னும் மிளகாய் வடைத் தட்டோடு பின்னால் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மிடிகுளோரியன் என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து, "அப்பா, இது மைட்டோகாண்ட்ரியாவின் சாயல்" என்றாள். நம் உயிரணுக்களுக்குள் இருந்து ஆற்றலை ஆக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிராக இருந்து, பிறகு நம் முன்னோரின் உயிரணுவுக்குள் குடியேறியது என்பதே இன்றைய அறிவியலின் முடிவு. அதற்குத் தனியாக 37 மரபணுக்கள் இருக்கின்றன. அவை மனிதரில் தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வருகின்றன, தந்தையிடமிருந்து வருவதில்லை. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தது இதில் எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறது.

அப்படிப் பார்த்தால் கதை என்ன ஆகிறது என்று நால்வரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அனகினுக்குத் தந்தை இல்லை என்று அவனுடைய தாய் ஷ்மி சொல்கிறாள்; ஆகவே அவனுக்குக் கிடைத்தது தாய்வழியாகத்தான். இதுவரை சரி. ஆனால் அனகினின் பிள்ளைகளான லூக்குக்கும் லேயாவுக்கும் தாய் பத்மே; அவளுக்கு அந்த ஆற்றல் இல்லை. (பத்மே என்ற பெயரைக் கேட்டதிலிருந்து என் மனைவி அவளை நம் வீட்டுப் பெண்ணாகவே நடத்திவருகிறார்.) தாய்வழி விதிப்படி இரட்டையர் இருவருக்கும் ஒன்றும் வந்திருக்கக் கூடாது. லேயாவின் மகன் பென்னுக்கு வருவது பொருந்தும், ஆனால் கொடுப்பதற்கு லேயாவிடமே ஒன்றும் இருந்திருக்காதே! பேரரசர் பால்பட்டீனின் ஆற்றல் மகன் வழியாகப் பேத்தி ரேயைச் சேர்வதாக 2019ஆம் ஆண்டுப் படம் சொல்வதும் அதே சுவரில் மோதுகிறது. ஆக, அறிவியல் சாயம் பூசிய அந்த ஒரு காட்சி, தான் தாங்க வந்த குடும்பக் கதையையே தாங்கவில்லை.

உயிரணுக்குள் வாழும் நுண்ணுயிரை விட்டுவிட்டு, சாதாரண மரபணுவாகவே எடுத்துக்கொள்வோம் என்றாள் மகள். மின்கட்டணச் சீட்டின் பின்புறம் அவள் போட்ட கணக்குதான் இந்தப் பெட்டி எங்களுக்குக் கொடுத்த மிகப்பெரிய இன்பம். கணக்கின் அடிப்படை 2002ஆம் ஆண்டுப் படத்தில் இருக்கிறது: ஜெடாய்களுக்குப் பற்று விலக்கப்பட்டது, மணவாழ்வு கிடையாது; அனகினும் பத்மேயும் அதனால்தான் மறைவாக மணந்துகொள்கிறார்கள். அந்தத் துறவியர் அமைப்பு ஆற்றல் உள்ள குழந்தைகளைச் சிறு வயதிலேயே கண்டெடுத்துக் கொண்டுபோய்விடுகிறது. அந்த அமைப்பு ஆயிரம் தலைமுறைக்கும் மேலாக அமைதியைக் காத்துவந்தது என்று 1977ஆம் ஆண்டுப் படத்தில் ஓபி-வான் சொல்கிறார். அப்படியானால், ஆற்றலோடு பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பிள்ளை பெறாதவராக்கும் ஓர் ஏற்பாடு ஆயிரம் தலைமுறை நடந்திருக்கிறது.

அந்த ஆற்றல் ஓங்கு பண்பாக இருந்தால், அதாவது பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் என்றால், உடையவர்கள் அனைவரும் துறவுக்குப் போகப் போக ஒரு சில தலைமுறைக்குள் அது பூண்டோடு அற்றுப்போயிருக்கும். ஒடுங்கு பண்பாக இருந்தால், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்றால், அது மறைந்து மறைந்து வாழும். ஆனால் ஆயிரம் தலைமுறைக்குப் பிறகு அந்த மரபணுவின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுக்குக் கீழே போய்விடும், ஆற்றலோடு பிறக்கும் குழந்தை பத்து இலட்சத்தில் ஒன்றாக இருக்கும். கோள்கள் நிறைந்த ஒரு பால்வெளிக்கு அது போதும். துறவியர் மடம் நிறையும். ஆனால் அதே கணக்குப்படி பத்மே அந்த மரபணுவை மறைவாகச் சுமந்தவளாக இருக்க வாய்ப்பு ஐந்நூற்றில் ஒன்று; அப்படி இருந்தும் இரட்டையர் இருவருக்குமே ஆற்றல் வர நான்கில் ஒன்று; பென்னின் தந்தை ஹான் சோலோவும் சுமந்தவராக இருந்து பென்னுக்கும் வர ஆயிரத்தில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் இருபது இலட்சத்தில் ஒன்று. மடம் நிறைவதற்கு வழி சொன்னால் குடும்பக் கதை சாகிறது. குடும்பக் கதைக்கு வழி சொன்னால் மடம் காலியாகிறது.

பேத்தி விட்டுக்கொடுக்கவில்லை. அனகின் குடியரசின் எல்லைக்குள் பிறந்திருந்தால் அவனை முன்பே கண்டெடுத்திருப்போம் என்று க்வை-கானே சொல்கிறாரே, அப்படியானால் எல்லைக்கு வெளியே யாரும் கண்டெடுக்காத குடும்பங்களில் அது வாழையடி வாழையாகத் தழைத்திருக்கும் அல்லவா என்று கேட்டாள். மகள் சீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அது நியாயமான கேள்வி என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனாலும் மடத்துக்கு வரும் குழந்தைகள் எல்லைக்கு உள்ளேயிருந்து வந்துகொண்டேதான் இருந்தார்கள், ஜெடாய் அல்லாத பெற்றோர்களிடமிருந்து. அதற்கு இரத்தக் கட்சியிடம் இன்றுவரை விடையில்லை.

உண்மையில் பூமியில் வாழ்ந்த போர்த்துறவியர் அமைப்புகளும் இதே வகையில்தான் உயிர்வாழ்ந்தன. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் தோன்றி 1312இல் கலைக்கப்பட்ட கிறித்தவ ஆலய வீரர்கள் (டெம்ப்ளர்கள்) மணத்துறவு பூண்டவர்கள். தலைமுறை தோறும் வெளியிலிருந்து ஆள் சேர்த்தார்கள். யப்பானின் ஹியேய் மலைத் துறவி வீரர்களை 1571இல் ஓடா நொபுனாகா அழித்தபோது அவர் வெட்டியெறிந்தது ஒரு குலத்தை அன்று, ஒரு மடத்தை. பிள்ளை பெறாத அமைப்பு பிள்ளைகளைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இதைச் சொல்வதற்குத் தமிழனுக்கு வெளியூர் எடுத்துக்காட்டு தேவையே இல்லை. பரம்பரை என்ற ஒரே சொல்லைக் குலத்துக்கும் வைத்திருக்கிறோம், குருவுக்கும் வைத்திருக்கிறோம். திருவாவடுதுறை ஆதீனம் தன்னைத் திருக்கயிலாய பரம்பரை என்று சொல்லிக்கொள்கிறது. அங்கே தந்தையிடமிருந்து மகனுக்கு எதுவும் போவதில்லை, துறவியான குரு துறவியான சீடரைத் தேர்ந்தெடுக்கிறார். இதைவிட அழகானது சந்தானக் குரவர் என்ற பெயர். சந்தானம் என்றால் மகப்பேறு. ஆனால் மெய்கண்டார், அருணந்தி சிவாசாரியார், மறைஞான சம்பந்தர், உமாபதி சிவாசாரியார் என்னும் அந்த நால்வரில் எவரும் எவருக்கும் பிள்ளை அல்லர். போதாக்குறைக்கு, அருணந்தி மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குருவாக இருந்த முதியவர். அவர் போய்ச் சிறு பிள்ளையான மெய்கண்டாருக்குச் சீடராகிறார். வயதும் குலமும் தலைகீழாகப் புரண்ட பின்பும் அதற்குச் சந்தானம் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். முதிர்ந்த வயதினன் என்று சிறுவன் அனகினையே சேர்க்கத் தயங்கிய ஜெடாய் சபை, அருணந்தியை வாசலிலேயே திருப்பியனுப்பியிருக்கும் என்று நான் சொன்னபோது மகள் சிரித்தாள். பேத்திக்கு அருணந்தி யாரென்று விளக்கிய பிறகு அவளும் சிரித்தாள்.

குலவித்தை கல்லாமல் பாகம் படும் என்ற பழமொழியை மனைவி இரத்தக் கட்சிக்கு ஆதரவாக எடுத்துவைத்தார். ஆனால் பாகம் என்றால் பாதி. மீதிப் பாதிக்குக் கற்றுத்தான் ஆக வேண்டும் என்று அந்தப் பழமொழியே ஒப்புக்கொள்கிறது. தந்தை தச்சரானால் உளியின் ஓசை பிள்ளைக்குத் தொட்டிலிலேயே பழக்கமாகிவிடுகிறது. அது இரத்தத்தின் வேலையா, வீட்டின் வேலையா? லூக் பிறந்த அன்றே தந்தையைவிட்டுப் பிரிக்கப்பட்டு உழவர் வீட்டில் வளர்ந்தவன் என்பதால், வீட்டின் வேலை என்ற விளக்கம் அவனுக்குப் பொருந்தாது. இந்தப் படங்கள் அந்த வாசலை மட்டும் கவனமாகச் சாத்தி வைத்திருக்கின்றன.

2005ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றி இந்தக் கேள்விக்காகச் சொல்ல அதிகமில்லை. மிடிகுளோரியன்களைத் தூண்டி உயிரையே உண்டாக்கத் தெரிந்த ஒருவரைப் பற்றிப் பால்பட்டீன் சொல்லும் கதை, அனகினின் தந்தையில்லாப் பிறப்பின்மீது ஒரு நிழலை விழச்செய்துவிட்டுப் போகிறது. 2015ஆம் ஆண்டுப் படம் கேள்வியை மட்டும் மீண்டும் எழுப்புகிறது: பழம்பொருள் பொறுக்கி வாழும் ரே என்னும் பெண்ணுக்கு இத்தனை ஆற்றல் எங்கிருந்து வந்தது, அவள் யார் மகள்?

அதற்கு விடை சொல்வதால்தான் எட்டாவது டிவிடி இந்தப் பெட்டியின் மாணிக்கம். அவள் யார் மகளும் இல்லை; குடிக்காசுக்கு அவளை விற்றுவிட்ட பெற்றோரின் மகள். 2017ஆம் ஆண்டு இந்த விடை வந்தபோது அரங்கில் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ஏமாற்றமாக இருந்ததோ தெரியாது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் யாரும் பேசவில்லை. படத்தின் இறுதியில் குதிரைலாயம் போன்ற ஒரு கொட்டிலில் வேலைசெய்யும் பெயரில்லாச் சிறுவன் ஒருவன் வெளியே வந்து கையை நீட்ட, சுவரோரம் இருந்த துடைப்பம் தானாக நகர்ந்து அவன் கைக்கு வருகிறது. அவ்வளவுதான், ஒரு நொடி. என் தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பையனைப் பேருந்து ஓட்டுநரின் மகன் என்று அடையாளம் கண்டிருப்பார்.

ஒன்பதாவது டிவிடி அந்த நொடியை விலைபேசி விற்றுவிடுகிறது. ரே பால்பட்டீனின் பேத்தி என்று ஆகிவிடுகிறது. இரத்தத்தைவிட வலியவை சில உண்டு என்று லூக் அவளுக்குச் சொன்னாலும், கடைசியில் அவள் லூக்கின் ஸ்கைவாக்கர் என்ற குடும்பப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டாலும், அந்தச் சமாதானம் எனக்குப் போதவில்லை. சொந்தப் பரம்பரை கெட்டது என்பதால் வேறொரு பரம்பரையைத் தத்தெடுத்துக்கொள்வது, பரம்பரையே வேண்டாம் என்பதாகாது. 2015ஆம் ஆண்டுப் படத்தையும் இதையும் இயக்கியவர் ஜே.ஜே. ஆப்ராம்ஸ், நடுவில் உள்ளதை இயக்கியவர் ரியான் ஜான்சன் என்பதை அறிந்தால், இடையில் கயிறு யார் கைக்கு மாறியது என்பது புரியும். புரிந்தபின்னும் என் எரிச்சல் தணியவில்லை. படம் முடிந்ததும் பேத்தி வென்றவளைப்போல எழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் கட்சி வென்றுவிட்டதே என்று கேட்டேன். "வென்றது, ஆனால் நன்றாக இல்லை தாத்தா" என்றாள்.

ஆகவே, ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்றால், பெட்டி முழுமைக்கும் மூன்றரை கொடுப்பேன். கடைக்காரரின் நேர்மைக்கு அதில் அரை உண்டு. ஒரு டிவிடிக்கு ஏறத்தாழ 133 ரூபாய் என்பது இன்றைய நிலையில் மலிவுதான். ஒன்பதையும் வாங்க முடியாதவர்கள் 1977, 1980, 2017 ஆகிய மூன்றை மட்டும் கேட்டு வாங்கினாலும் கற்றுப் பெறும் பரம்பரை முழுமையாகக் கிடைத்துவிடும். இரத்தப் பரம்பரைதான் வேண்டும் என்கிறவர்கள் 1983ஐயும் 2019ஐயும் எடுத்துக்கொள்ளலாம். 1999ஆம் ஆண்டுப் படத்தை வீட்டில் உயிரியல் படித்தவர் ஒருவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அவர் கையில் ஒரு மின்கட்டணச் சீட்டும் எழுதுகோலும் இருந்தால் இன்னும் நல்லது.

பெட்டி இப்போது பேத்தியின் அறையில் இருக்கிறது. தோழிக்குக் கொடுத்தனுப்ப எட்டாவதை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறாள். நேற்று மாலை தண்ணீர் குடிக்க எழுந்தபோது, அடுப்படியில் யாரும் இல்லை என்று எண்ணிக்கொண்டு, மூலையில் சாத்தியிருந்த ஃபத்தாக் புல் துடைப்பத்தை நோக்கி அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டேன். நான் வந்தது தெரியாமல் இருக்க, தண்ணீர் குடிக்காமலேயே திரும்பிவிட்டேன்.